இருநூறு ரூபாய் செல் செக்கர் காட்டும் வோல்டேஜை எவ்வளவு நம்பலாம்?

டிரோன், ரேடியோ கன்ட்ரோல் விமானம் ஓட்டுகிறவர்களுக்காக வந்த சாதனம் இது. இன்று இ-ஸ்கூட்டர் பேட்டரி ரிப்பேர் மேஜையிலும், சோலாருக்கு லித்தியம் பேக் கட்டுகிறவர்களின் டூல் பெட்டியிலும் கிடக்கிறது. தீப்பெட்டியைவிடச் சிறிய போர்டு, மூன்று இலக்க எல்இடி, தலையில் இரண்டு பஸ்ஸர், ஓரத்தில் ஒன்பது பின். சீரிஸில் 1 முதல் 8 செல் வரை உள்ள பேக்கைச் செருகினால் முதலில் மொத்த வோல்டேஜ், பிறகு ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் என்று மாறி மாறிக் காட்டும். பிஎக்ஸ்100 என்ற பெயரிலும், பெயரே இல்லாமலும் பல இடங்களில் தயாராகி வருகிறது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் 150 முதல் 250 ரூபாய்க்குள் கிடைக்கும்.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். எந்த செல் மற்றவற்றோடு சேராமல் நிற்கிறது என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் புள்ளிக்குப் பின் இரண்டாவதாகத் தெரியும் இலக்கத்தை வைத்து மட்டும் பேக்கைப் பிரிக்க உட்காரக் கூடாது. தவறாகத் தெரியும் ஒரு ரீடிங்குக்கு செல் காரணமாக இருக்கலாம், வயர் காரணமாக இருக்கலாம், இந்த மீட்டரே காரணமாக இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது நல்ல கருவி. தெரியாதவர் நல்ல செல்லைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

முதலில் செருகுவது. போர்டின் ஒரு முனையில் கழித்தல் குறி இருக்கும். செல்களை அளக்க வரும் மெல்லிய சென்ஸ் வயர்கள் எல்லாம் சேரும் பேலன்ஸ் கனெக்டரின் கருப்பு வயர், அதாவது அடியில் உள்ள முதல் செல்லின் நெகட்டிவ், அந்தப் பின்னில்தான் உட்கார வேண்டும். 4 செல் பேக்குக்கு 5 வயர் வரும். கழித்தல் குறியிலிருந்து 5 பின் நிரம்பி மீதி 4 காலியாக நிற்கும். பின்களைச் சுற்றிச் சுவர் எதுவும் கிடையாது என்பதால் ஒரு பின் தள்ளியோ தலைகீழாகவோ செருகுவதை எதுவும் தடுக்காது. தலைகீழாகச் செருகினால் தாங்கும் பீஸும் உண்டு, புகை விடும் பீஸும் உண்டு.

ரெடிமேட் டிரோன் பேக்கில் இந்தக் கவலை குறைவு. கையால் கட்டிய பேக், யாரோ ஏற்கெனவே கை வைத்த ஸ்கூட்டர் பேக் என்றால், மல்டிமீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையே ஒவ்வொன்றாக அளந்துவிட்டுத்தான் செக்கரையோ, பேக்கைக் காக்கும் கன்ட்ரோல் போர்டான பிஎம்எஸ்ஸையோ செருக வேண்டும். எல்லா ரீடிங்கும் பாசிட்டிவாக, ஒரு செல் அளவாக வர வேண்டும். வரிசையில் 7.4, மைனஸ் 3.7, 7.4 என்று வந்தால் நடுவில் இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் செருகினால் பிஎம்எஸ் போய்விடும், செக்கர் போவதைவிட அதுதான் நஷ்டம். புரோப் நுனி சறுக்கி இரண்டு பின்னைச் சேர்த்துத் தொட்டால் மெல்லிய சென்ஸ் வயர் இன்சுலேஷனோடு உருகும். நுனியில் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதிக்கு ஹீட் ஷ்ரிங்க் போட்ட ஊசி புரோப்பை, கனெக்டரின் வயர் நுழையும் பக்கத்திலிருந்து விட்டு அளப்பது பாதுகாப்பு.

இன்னொரு சின்னத் தொல்லை. செக்கரின் பின் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள எக்ஸ்எச் வகைக்கானது. பல பிஎம்எஸ்களின் ஹார்னஸில், அதாவது வயர்க் கட்டில் வருவது 2 மில்லிமீட்டர் பிஎச் வகை. அழுத்தினால் ஓரிரு பின் உள்ளே போனதுபோல் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், அடாப்டர் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி துல்லியம். டப்பாவில் 0.01 வோல்ட் என்று போட்டிருக்கும். அது டிஸ்ப்ளே காட்டும் மிகச்சிறிய படி, அளவின் துல்லியம் அல்ல. இந்த விலையில் உள்ள போர்டுகள் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளப்பதில்லை. ஒவ்வொரு பின்னின் வோல்டேஜையும் அடி நெகட்டிவிலிருந்து, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் டிவைடர் வழியாக அளந்து, அடுத்தடுத்த இரண்டைக் கழித்து செல் வோல்டேஜ் என்று காட்டுகின்றன. 8 செல் பேக் முழு சார்ஜில் 33.6 வோல்ட். வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட் என்றால் ஒரு படியே சுமார் 33 மில்லிவோல்ட்; 12 பிட் என்றாலும் 8 மில்லிவோல்ட். கழித்தல் குறிப் பின்னை விட்டு எண்ணினால், டிவைடரில் 0.1 சதவீதம் பிசகும்போது முதல் பின்னில் அது 4 மில்லிவோல்ட்தான், எட்டாவது பின்னில் 33 மில்லிவோல்ட். அந்தப் பிசகு முழுவதும் எட்டாவது செல்லின் தலையில் விழும். மேலே போகப் போக ரீடிங் ஆட்டம் காண்பது இதனால்தான்.

நடுவில் ஒரு சேனல், அதாவது ஒரு பின்னை அளக்கும் வழி பிசகினால் கதை இன்னும் குழப்பம். ஆறாவது பின்னை 40 மில்லிவோல்ட் கூடுதலாக அளந்தால் ஆறாவது செல் 40 கூடும், ஏழாவது செல் 40 குறையும். மொத்தத்தில் மாற்றமே இருக்காது. லூஸான சென்ஸ் வயரும் பிஎம்எஸ்ஸில் இதே முகத்தைத்தான் காட்டும்.

சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் இந்த ஒரு விஷயத்தில் செக்கரைவிட மேல். அதன் துல்லியம் 0.5 சதவீதம் என்று வைத்தால் 4 வோல்டில் 20 மில்லிவோல்ட் பிசகலாம். ஆனால் ஒரே மீட்டர், ஒரே ரேஞ்சில் எல்லா செல்லையும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவுதான் பிசகும். செல்களுக்கு இடையிலான வித்தியாசம்தானே நமக்கு வேண்டும், அது கெடுவதில்லை. ஒரே நிபந்தனை: அடி நெகட்டிவில் கருப்பு புரோப்பை நிறுத்திக்கொண்டு சிவப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. 20 வோல்ட் தாண்டியதும் 200 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்ற வேண்டிவரும், அதில் ஒரு படி 100 மில்லிவோல்ட். 13 செல் பேக்கை இப்படி அளந்து, கழித்துப் பார்த்து, மேல் செல்கள் எல்லாம் அன்பேலன்ஸ், அதாவது சார்ஜ் மட்டம் சேரவில்லை என்று வருகிறவர்கள் நிறைய. அடுத்தடுத்த பின்களுக்கு இடையே நேராக அளந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

8 செல் செக்கரை வைத்துக்கொண்டு 13 செல் பேக்கைப் பார்க்க முடியுமா? முடியும். இதில் ஒரு நல்ல வசதியும் ஒளிந்திருக்கிறது. செக்கர் பேக்கிலிருந்தே கரன்ட் எடுத்து மிதந்து நிற்பது. வேறு எந்த எர்த்தோடும் தொடர்பில்லை, ஆகவே நடு செல்லிலிருந்தும் தொடங்கலாம். 13 செல்லுக்கு 14 வயர், அவற்றை 0 முதல் 13 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்பது பின் கனெக்டர் இரண்டு எடுத்து முதலாவதில் 0 முதல் 8 வரை, இரண்டாவதில் 5 முதல் 13 வரை வயர் இழுக்கவும். முதல் கனெக்டர் 1 முதல் 8 வரை உள்ள செல்களைக் காட்டும், இரண்டாவது 6 முதல் 13 வரை. 6, 7, 8 இரண்டிலும் வரும்: முதலாவதில் மேல் சேனல்களில், இரண்டாவதில் அடியில் உள்ள 1, 2, 3 சேனல்களில்.

இந்த மூன்று செல்தான் மீட்டருக்கு வைக்கும் பரீட்சை. ஆறாவது செல் முதல் கனெக்டரில் 3.86, இரண்டாவதில் 3.82 என்றால் 40 மில்லிவோல்டும் மீட்டருடையது. இரண்டிலும் 3.86 என்றால் பிசகு பேக்கின் பக்கம், வயரையோ செல்லையோ பார்க்க வேண்டும். 16 செல் பேக்கில் 0 முதல் 8, 8 முதல் 16 என்று இரண்டு கனெக்டர் போதும், ஆனால் பொதுவான செல் இருக்காது. பரீட்சை வேண்டுமென்றால் 4 முதல் 12 வரை மூன்றாவது ஒன்று கட்டவேண்டும். செருகாமல் தொங்கும் கனெக்டரிலும் வோல்டேஜ் இருக்கிறது, மூடியோ டேப்போ இல்லாமல் மேஜையில் விடாதீர்கள்.

மீட்டர் சரி என்று தெரிந்த பிறகு, தவறான ரீடிங் வரும் விதத்தைப் பாருங்கள். செல்கள் எல்லாம் 3.82 காட்டும் பேக்கில் பிஎம்எஸ்ஸின் மொபைல் ஆப் ஐந்தாவதை 4.31 என்றும் ஆறாவதை 3.33 என்றும் காட்டுகிறது என்று வைப்போம். இரண்டையும் கூட்டினால் 7.64, அதாவது 3.82 இரண்டு. இரண்டு செல்லும் நன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள சென்ஸ் வயர்தான் அறுந்திருக்கிறது, அல்லது வயர் முனையை நெருக்கிப் பிடிக்கும் கிரிம்ப் பிடிக்கவில்லை. இதே பேக்கை சார்ஜில் போட்டால் ஐந்தாவது செல் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்து பிஎம்எஸ் சார்ஜை வெட்டும், ஓட்டினால் ஆறாவது காலி என்று வண்டியை நிறுத்தும். பஸ்ஸர் செக்கரில் அதே அறுந்த வயர் வேறு மாதிரி தெரியும். தொங்கும் பின்னை டிவைடர் ரெசிஸ்டர் கீழே இழுத்து பூஜ்யமாக்கிவிடும் என்பதால் அந்த இடத்தில் ரீடிங் அபத்தமாக வரும், அல்லது செல் எண்ணிக்கையையே குறைத்துக் காட்டக்கூடும். உண்மையிலேயே அரை வோல்டுக்குக் கீழே செத்துப்போன செல்லும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும், செக்கரின் அளவு எல்லையே 0.5 முதல் 4.5 வோல்ட் வரைதான். இங்கே மல்டிமீட்டரை செல்லின் நிக்கல் பட்டையிலேயே வைத்து அளந்து முடிவுசெய்யுங்கள். கனெக்டரில் வேறு எண், பட்டையில் வேறு எண் என்றால் வயர்.

செல்களின் சார்ஜைச் சமன்படுத்தும் பேலன்ஸ் ஓடும்போது எடுக்கும் ரீடிங்கும் ஏமாற்றும். கூடுதல் சார்ஜை ரெசிஸ்டரில் எரிக்கும் சாதாரண பிஎம்எஸ்ஸில் பேலன்ஸ் கரன்ட் 50 மில்லிஆம்பியர் சுற்றளவில் இருக்கும், நல்ல கனெக்டரில் அது பொருட்டில்லை. ஒரு செல்லின் சார்ஜை இன்னொன்றுக்கு மாற்றும் ஆக்டிவ் பேலன்ஸர் 1 ஆம்பியர் இழுக்கும்போது கணக்கு மாறும். 24 கேஜ் வயர் மீட்டருக்கு 84 மில்லிஓம், 40 சென்டிமீட்டர் வயரில் 34. ஒரு செல்லிலிருந்து 1 ஆம்பியர் இழுத்தால் மேல் வயரிலும் கீழ் வயரிலும் 34 மில்லிவோல்ட் விழும். அந்த செல் 68 குறைவாகத் தெரியும், பக்கத்து செல்கள் இரண்டும் 34 கூடுதலாகத் தெரியும். சில போர்டுகள் அளக்கும் கணத்தில் பேலன்ஸை நிறுத்திவிட்டு அளப்பதால் இந்தப் பிரச்சினை வராது. நிறுத்தாத போர்டில் ரீடிங் மேலும் கீழும் துள்ளுவதைப் பார்த்து செல்லைக் குறை சொல்லக் கூடாது. பேலன்ஸை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

லோடில் மட்டும் ஒரு செல் விழுகிறது, சார்ஜில் அதே செல் மற்றவற்றைவிட ஏறுகிறது, கரன்ட் நின்றதும் சரியாகிவிடுகிறது என்றால் ரெசிஸ்டன்ஸ்தான் காரணம். அது செல்லுக்குள் இருக்கலாம், இரண்டு செல்லை இணைக்கும் பஸ்பாரிலும் இருக்கலாம். 100 ஆம்பியர் ஓடும் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக்கில் நட்டு சரியாக இறுகாத ஒரு இணைப்பில் 1 மில்லிஓம் இருந்தாலே 100 மில்லிவோல்ட். சென்ஸ் வயரின் முனை வளையமான லக் எந்தப் பக்கத்து ஸ்டட்டில், அதாவது செல் முனையின் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அந்த 100 மில்லிவோல்ட் ஒரு செல்லின் கணக்கில் சேரும். லோடு ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு புரோப்பை ஒரு செல்லின் ஸ்டட்டிலும், மற்றதை அடுத்த செல்லின் ஸ்டட்டிலும் வைத்து பஸ்பாரின் குறுக்கே மில்லிவோல்ட் ரேஞ்சில் அளங்கள். எல்லா பஸ்பாரும் 5, 6 என்று காட்ட, ஒன்று மட்டும் 60 காட்டினால் செல்லைத் தொட வேண்டாம். கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, இறுக்குங்கள்.

கெபாசிட்டி குறைந்த செல்லையும் வெறும் அன்பேலன்ஸையும் பிரிப்பதற்கு ஒரே ஒரு ரீடிங் போதாது. முழு சார்ஜில் ஒன்று, காலியாகும் தறுவாயில் ஒன்று வேண்டும். இரண்டு முனையிலும் தாழ்ந்தே இருக்கும் செல் நல்ல செல், சார்ஜில் பின்தங்கியிருக்கிறது அவ்வளவுதான். தனியாக சார்ஜ் கொடுத்தால் வரிசைக்கு வந்துவிடும். மேலே போகும்போது முதலில் உச்சத்தைத் தொட்டு, கீழே வரும்போதும் முதலில் காலியாகும் செல்லுக்குக் கெபாசிட்டி போய்விட்டது, பேலன்ஸ் செய்து பயனில்லை. வரிசைக்கு வந்த செல் இரண்டு வாரம் சும்மா கிடந்ததில் மறுபடி இறங்கினால் அதில் செல்ஃப் டிஸ்சார்ஜ் இருக்கிறது; 18650 என்ற சின்ன உருளைச் செல்களைப் பக்கம் பக்கமாக (பேரலலாக) சேர்த்த குரூப் என்றால் அதில் ஒரு செல் போதும், மொத்தக் குரூப்பையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்தப் பரிசோதனையில் எல்எஃப்பிக்கும், நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையான என்எம்சிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. என்எம்சியில் 20 மில்லிவோல்ட் என்றால் சார்ஜில் இரண்டு மூன்று சதவீதம். எல்எஃப்பியின் நடுப்பகுதி சமதளம், 3.28க்கும் 3.30க்கும் நடுவில் எத்தனை சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே எல்லா செல்லும் ஒரே எண்ணைக் காட்டுவது பேலன்ஸ் சரி என்பதற்குச் சாட்சியே அல்ல. 3.45க்கு மேல் ஏறும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். எல்எஃப்பி பேக்கைப் பாதி சார்ஜில் இந்தச் செக்கரில் பார்த்து நல்ல பேக் என்று சான்றிதழ் கொடுக்கிறவரிடம் செகண்ட் ஹேண்ட் பேக் வாங்காதீர்கள்.

செக்கரால் பார்க்கவே முடியாத ஒரு கோளாறும் உண்டு. செல்கள் எல்லாம் சரி, மொத்தம் 49 வோல்ட், ஆனால் பேக்கின் வெளி வயரில் 31 வோல்ட் என்று ஏதோ ஒரு எண், அதுவும் மெல்ல நகர்கிறது. பிஎம்எஸ்ஸில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் கரன்ட்டை அடைத்திருக்கிறது. அதன் வழியாகக் கசியும் மைக்ரோஆம்பியரை உள் ரெசிஸ்டன்ஸ் மெகாஓம் கணக்கில் உள்ள மல்டிமீட்டர் வோல்டேஜாகக் காட்டுகிறது. 10 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டரை வெளி வயர்களுக்குக் குறுக்கே பிடித்தால் பூஜ்யத்துக்கு விழும். பி மைனஸுக்கும் (செல்களின் அடி நெகட்டிவ்) பிஎம்எஸ்ஸின் வெளி மைனஸுக்கும் இடையே அளந்தாலும் தெரியும்: கரன்ட்டை விடும் நிலையில் ஏறக்குறைய பூஜ்யம், அடைத்த நிலையில் வோல்ட் கணக்கில். பல போர்டுகள் சார்ஜரைச் சொருகினால்தான் விழிக்கும்.

செக்கரின் பெரிய குறை கரன்ட் குடிப்பது. பஸ்ஸர் அலாரத்துக்காக இதைப் பேக்கிலேயே விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலிவான போர்டுகள் தம் கரன்ட்டை முழுப் பேக்கிலிருந்தும் சமமாக எடுப்பதில்லை, அடியில் உள்ள ஒன்றிரண்டு செல்களிலிருந்து எடுக்கின்றன. 20 மில்லிஆம்பியர் என்று வைத்தாலே ஒரு நாளில் அரை ஆம்பியர்-மணி. அடி செல்கள் மட்டும் தாழ்ந்து மற்றவை எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும் பேக்கைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹாரனுக்கும் லைட்டுக்கும் அடி நாலு செல்லிலிருந்து 12 வோல்ட் எடுத்த வண்டியும் இதே அடையாளத்தோடு வரும். மெக்கானிக் கன்வெர்ட்டர் காசை மிச்சம் பிடித்த கதை அது. எதுவானாலும், ரீடிங் பார்த்ததும் செக்கரைக் கழற்றிவிடுங்கள்.

அலாரம் அளவை மேலே உள்ள பட்டனால் 2.7 முதல் 3.8 வோல்ட் வரை மாற்றலாம், ஆஃபும் செய்யலாம். ஒரு செல் மட்டும் உள்ள பேக்கில் வோல்டேஜ் காட்டும், சத்தம் வராது. சத்தத்துக்கு 2 செல்லாவது வேண்டும். மேல் எல்லைக்கு அலாரம் கிடையாது, ஆகவே சார்ஜ் செய்யும்போது காவலுக்கு உதவாது. சத்தம் காதைப் பிளக்கும். மேஜையில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பஸ்ஸர் ஓட்டையில் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இதைவிடச் சில மடங்கு விலையில், செல் மீட்டர் 8 என்ற பெயரில் எல்சிடி திரை உள்ள சாதனம் வருகிறது. எல்லா செல்லையும் ஒரே திரையில் காட்டுவதும், அதிக, குறைந்த செல்லின் வித்தியாசத்தைத் தானே கணக்கிடுவதும் அதன் பலம். நிறைய பேக் பார்க்கிறவர்களுக்கு அந்த விலை நியாயம்தான். அது காட்டும் சார்ஜ் சதவீதத்தை எல்எஃப்பியில் கண்டுகொள்ள வேண்டாம். புளூடூத் பிஎம்எஸ் ஏற்கெனவே உள்ள பேக்குக்கு இரண்டுமே இரண்டாம்பட்சம். ஆப்பில் கரன்ட்டும் செல் வோல்டேஜும் ஒரே நேரத்தில் தெரிவது லோடு பரிசோதனைக்கு வேறு எதிலும் கிடைக்காத வசதி. மூன்று தசமம் காட்டுகிறதே என்று அதையும் மில்லிவோல்ட் வரை நம்பிவிடக் கூடாது.

கடையில் வாங்கும்போது, 4 செல் பேக் ஒன்றைச் செருகி நாலு எண் சரியாக வந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் பாதிச் சேனல்தான் சோதிக்கப்படுகிறது, அதுவும் பிசகு குறைவாக உள்ள அடிப் பாதி. இரண்டு 4 செல் பேக்கும், முதல் பேக்கின் மேல் வயரும் இரண்டாவதன் கருப்பு வயரும் ஒரே பின்னில் சேரும்படி கட்டிய ஒன்பது பின் ஹார்னஸும் கையோடு கொண்டுபோங்கள். எட்டு செல்லையும் மல்டிமீட்டரில் முன்பே அளந்து, ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செக்கரின் ஏழாவது, எட்டாவது எண் சீட்டில் உள்ளதிலிருந்து விலகும் அளவு, மற்ற செல்கள் விலகும் அளவைவிட 20 மில்லிவோல்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பீஸை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.